எங்கள் வீட்டு இரண்டு ஓட்டு

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. கார்த்திகை மழையில் என் பெஞ்சுத் தோழியின் அம்மா இறந்தார். சுடுகாட்டுக்குப் பாதை இல்லாததால் வெங்காயக் கொல்லையின் வரப்பு வழியாகத் தூக்கிப் போனார்கள். வழியில் பாடை சரிந்தது.

2. சித்திரையில் நாடாளுமன்றத் தேர்தல் வந்தது. பாதை கிடைக்காமல் ஓட்டுப் போடுவதில்லை என்று தெரு முடிவெடுத்தது. வீட்டுக்கு வீடு கறுப்புக் கொடி கட்டினார்கள். எங்கள் வீட்டிலும் கட்டினார்கள்.

3. தேர்தல் அன்று மத்தியானம் தாண்டியும் எங்கள் தெருவுக்கான பூத்தில் ஒரு ஓட்டும் விழவில்லை. அதிகாரிகள் தெருவுக்கு வந்து பேசினார்கள்.

4. அப்புறம் இரண்டு ஓட்டு விழுந்தது. அதிகாரிகள் போய்விட்டார்கள்.

5. அந்த இரண்டும் எங்கள் வீட்டு ஓட்டு.

வரிசையாக எழுதிப் பார்த்தால்தான் எனக்கு எதுவும் விளங்கும். பிழைக்கிற தொழில் அப்படி. ஆனால் இதை எத்தனை முறை வரிசையாக எழுதினாலும் நான்காவது வரிக்கு வரும்போது முகம் சூடாகிறது.

நம் தெருவில் அந்த வருஷம் ஐந்தாவதும் ஆறாவதும் படித்துக்கொண்டிருந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். இப்போது உங்களில் பாதிப் பேர் திருப்பூரிலும் சென்னையிலும் இருக்கிறீர்கள். இரண்டு பேர் வளைகுடாவில். நான் அரியலூர் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில், கட்டுப்பாட்டு அறையில். நம் தெரு மட்டும் அதே இடத்தில் இருக்கிறது. பெரம்பலூரிலிருந்து செட்டிகுளம் பஸ்ஸில் ஏறி, பாதி வழியில் இறங்கி, ஊரைத் தாண்டி நடக்க வேண்டிய அதே இடத்தில்.

அந்தச் சாவை நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். நானும் தோழியும் தண்ணி டேங்கின் படியில் நின்றோம். பொம்பளைகள் அதற்கு மேல் போகக் கூடாது என்று நிறுத்திவிட்டார்கள். மழை விட்டிருந்தது. கொல்லை முழுக்க வெங்காயத் தாள் முழங்கால் உயரத்துக்குப் பச்சையாக நின்றது. தாளை யாரோ மிதித்துவிட்ட நெடி அதுவரை வந்தது. கொல்லைக்காரர் குடை பிடித்துக்கொண்டு மேட்டில் நின்றார்.

"வரப்பு மேலயே போங்கப்பா. பயிர்ல காலு படக் கூடாது" என்றார்.

வரப்பு ஒரு ஆள் நடக்கிற அகலம். பாடையைத் தூக்க நாலு பேர் வேண்டும். முன்னால் ஒருத்தர், பின்னால் ஒருத்தர் என்று வரிசையாகப் போக முடியுமா என்று பார்த்தார்கள். பிறகு இரண்டு பேர் வரப்பிலும் இரண்டு பேர் பாத்திக்குள்ளும் இறங்கி, ஒரு பக்கம் உயர்ந்து ஒரு பக்கம் தாழ்ந்து போனார்கள். பாதி தூரத்தில் பாத்திக்குள் நடந்தவர் ஒருவரின் கால் சேற்றில் புதைந்தது. பாடை சரிந்தது. மாலைகள் முதலில் விழுந்தன.

தோழி என் கையைப் பிடித்திருந்தாள். "எங்கம்மா கீழ விழுந்துடுச்சாடி?" என்று கேட்டாள். அவள் என்னைவிடக் குள்ளம். அவளுக்குச் சரியாகத் தெரியவில்லை. நான் இல்லை என்றேன்.

அந்தச் சேற்றில் கால் புதைந்தவர் என் அப்பா. இதையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பாதை வேண்டும் என்று தெருவில் அவரைவிட அதிகம் நினைத்தவர் யாரும் இருந்திருக்க முடியாது. அதற்குப் பிறகு மழை பெய்யும்போதெல்லாம் வலது காலைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அடி ஒன்றும் படவில்லை.

அப்பாவிடம் மைக் செட் இருந்தது உங்களுக்கு நினைவிருக்கும். பச்சை பெயிண்ட் அடித்த இரண்டு குழாய் ஸ்பீக்கர், சூடானால் வார்னிஷ் வாசனை வரும் ஆம்ப்ளிஃபயர், கார் பேட்டரி இரண்டு. காது குத்து, மஞ்சள் நீராட்டு, கோயில் திருவிழா, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் அதுதான். அதோடு அவர் ஆளுங்கட்சிக்கு நம் தெருவின் கிளைச் செயலாளர். பெரிய பதவி மாதிரிக் கேட்கும். மற்றவர்கள் பேசுகிற மேடைக்கு மைக் கட்டுவதும், தெருவிலிருந்து ஆள் கூட்டிப் போவதும்தான் வேலை. கரை வேட்டி ஒன்று இருந்தது. அதை அம்மா தனியாகத் துவைப்பாள்.

அந்த வருஷம் டெல்லியிலும் அவர்கள் கூட்டு ஆட்சி, இங்கேயும் அவர்கள் ஆட்சி. யார் ஜெயிப்பார்கள் என்று டீக்கடையில்கூட யாரும் பந்தயம் கட்டவில்லை. எதிர்க்கட்சிக்காரர்களே எத்தனை வித்தியாசத்தில் தோற்போம் என்றுதான் பேசிக்கொண்டார்கள். ஊர்த் தெரு சுவரெல்லாம் அவர்கள் சின்னம். பஸ் நிறுத்தத்தில் நின்ற புளிய மரத்துக்கும் அவர்கள் நிறம் அடித்திருந்தார்கள்.

நமக்கு இருந்த ஒரே வருத்தம் பிட் நோட்டீஸ். புறக்கணிப்பு என்று முடிவானதும் எந்தக் கட்சி ஆட்டோவும் தெருவுக்குள் வரவில்லை. அதற்கு முந்தைய தேர்தலில் ஆட்டோ பின்னாலேயே ஓடி, பறக்கிற நோட்டீஸைப் பிடித்து, நிறம் பிரித்து அடுக்கி வைத்தோமே. இந்த முறை மெயின் ரோட்டில் காத்திருந்து, ஊர்ப் பையன்கள் விட்டு வைத்ததைப் பொறுக்கிக்கொண்டு வந்தோம். பாதை பெரிதா நோட்டீஸ் பெரிதா என்று அன்று கேட்டிருந்தால் நம்மில் சிலர் நோட்டீஸ் என்றுதான் சொல்லியிருப்போம்.

கொடிகளைத் தைத்தது தோழியின் அண்ணன். பெரம்பலூரில் ஒரு தையல் கடையில் வேலை பார்த்தார். கறுப்புத் துணி விலைக்கு வாங்கவில்லை. உடைந்த குடைகளின் துணி, கோட்டுக்கு உள்ளே வைக்கிற லைனிங் துணியில் மிச்சம், பழைய பர்தாத் துணி என்று சேர்த்துக்கொண்டு வந்தார். கடைசியில் ஒரு வீட்டுக்குக் குறைந்தது. அது எங்கள் வீடு.

தோழி ஓடிப் போய் ஒரு கறுப்பு உள்பாவாடையைக் கொண்டு வந்தாள். நாடா கோக்கிற இடத்தை வெட்டிவிட்டு அண்ணன் அதைக் கொடியாகத் தைத்தார். வாசல் நிலைக்கு மேலே அப்பாவே ஆணி அடித்தார். அவரே கட்டினார்.

"மாமா, கட்சியில ஒன்னும் சொல்ல மாட்டாங்களா?" என்று அண்ணன் கேட்டார்.

"கட்சி கெடக்குது. மொதல்ல தெரு" என்றார் அப்பா. சொல்லும்போது சிரித்தார். தெருக்கூட்டத்துக்கு மைக் செட்டை வாடகை இல்லாமல் கொடுத்தார். புறக்கணிப்பை முதலில் அறிவித்ததும் அவர் குரல்தான். "அன்பார்ந்த தெருப் பொதுமக்களே" என்று ஆரம்பிப்பாரே, அதே குரல்.

தேர்தலுக்குச் சில நாள் முன்பு, ஒரு காலையில் கட்சியின் ஒன்றியச் செயலாளர் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஊர்த் தெருக்காரர். வெள்ளைச் சட்டைப் பையில் தலைவர் படம் தெரியும். வண்டியை மெயின் ரோட்டில் நிறுத்திவிட்டு நடந்து வந்தார். அப்பா ஒரு ஒயரைப் பற்ற வைத்துக்கொண்டிருந்தார். ஈயக் கம்பியைப் பிடிப்பது என் வேலை. அதனால் நான் பக்கத்திலேயே இருந்தேன்.

அம்மா டீ போட்டாள். "இப்பத்தான் குடிச்சேன்ம்மா" என்றார் அவர். டம்ளர் அப்படியே இருந்தது.

"என்னப்பா, மைக்கும் நீயே குடுத்து, கொடியும் நீயே கட்டிக்கிட்டா எப்படி? கட்சியில இருக்கியா, இல்லையா?"

"இருக்கேண்ணே. தெருவுல நானும் பொழைக்கணுமுல்ல."

"நாம ஜெயிக்கிறது எப்பவோ முடிஞ்சு போன விஷயம். உங்க தெரு ஓட்டு வந்தாலும் ஒன்னுதான், வராட்டியும் ஒன்னுதான். ஆனா ஒரு பூத்து பூஜ்யம்னு போச்சுன்னு வையி, நாம ஜெயிச்சதைப் போடமாட்டான். அதைத்தான் பேப்பர்ல போடுவான். மேல இருந்து என்னைக் கேப்பாங்க, உன் ஒன்றியத்துல என்னய்யா நடக்குதுன்னு."

"பாதைக்கு ஒரு வார்த்தை நீங்க சொன்னீங்கன்னா…"

"பாதை என்னப்பா பெரிய பாதை. ஜெயிச்சு வந்ததும் போட்டுரலாம். நீ ரெண்டு ஓட்டு மட்டும் விழ வையி. உன் ஓட்டாலதான் பாதை வந்துச்சுன்னு நானே மேடையில சொல்றேன். அப்ப பாரு, தெருவே உன்னைத் தூக்கி வச்சுக்கும்."

"ரெண்டு எதுக்குண்ணே?"

"ஒன்னுன்னா தவறி விழுந்ததும்பானுங்க. ரெண்டு விழுந்தா ஓட்டுப் பதிவு நடக்குதுன்னு அர்த்தம்."

அவர் போனபிறகு டீயில் ஆடை படிந்திருந்தது. அதை நான் குடித்தேன்.

அம்மா அடுப்படியிலிருந்து வந்து, "எல்லாரும் ஒன்னா நிக்கும்போது நாம மட்டும் எதுக்குங்க?" என்றாள்.

"நிக்கிறவங்க கையில என்ன இருக்கு? ஆள்றவங்கதான் குடுக்கணும். நாளைக்கும் அவங்கதான் ஆளப் போறாங்க" என்றார் அப்பா. ஆம்ப்ளிஃபயரைப் போட்டு, மைக்கை விரலால் தட்டிப் பார்த்தார்.

இதில் பணம் எதுவும் கை மாறவில்லை. பின்னால் தெருவில் வேறு மாதிரிப் பேசினார்கள். அப்பா மறுக்கவும் இல்லை. வாங்கிக்கொண்டு செய்திருந்தால் எனக்கு இதைச் சொல்லுவது சுலபமாக இருந்திருக்கும் என்று சில சமயம் தோன்றும். அவர் நம்பிச் செய்தார். யார் நிச்சயம் ஜெயிக்கிறார்களோ அவர்களைத் தவிர வேறு யாரையும் நம்பி என்ன கிடைத்துவிடப் போகிறது என்று நம்பினார்.

தேர்தல் அன்று வெயில் நம் தெருவில் யாரையும் வீட்டுக்குள் விடவில்லை. எல்லோரும் டேங்க் நிழலில். தெருவின் அந்தக் கடைசியில் நம் தொடக்கப் பள்ளி, அதில்தான் பூத். வாசலில் இரண்டு போலீஸ்காரர்கள் பெஞ்சில் உட்கார்ந்து தூங்கி விழுந்தார்கள். உள்ளே அலுவலர்கள் ஜன்னல் வழியாக நம்மைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாம் படித்த வகுப்பில் அவர்கள் வேலையில்லாமல் இருப்பது நமக்கு வேடிக்கையாக இருந்தது.

முதலில் தாசில்தார் வந்தார். அவர் கொல்லையைக் கையால் காட்டி, "இப்ப வெங்காயம் எடுத்து நெலம் காஞ்சுதானே கெடக்கு. தாராளமா நடந்து போகலாமே" என்றார்.

"அப்ப எங்க ஆளுங்க கோடையில மட்டும் சாகணுமா சார்?" என்று கூட்டத்திலிருந்து ஒரு பாட்டுக்காரப் பெரியம்மா கேட்டது. ஒப்பாரி பாடுகிற பெரியம்மா, அது தனக்கு வேலை தொடர்பான கேள்வி என்பது போலக் கேட்டது. போலீஸ்காரரே சிரித்துவிட்டார்.

"ஓட்டு உங்க உரிமை. அதை வீணாக்கலாமா?"

"போன வருஷம் செத்தவங்க பேரெல்லாம் இன்னும் உங்க பட்டியல்ல இருக்கு சார். செத்தவங்களுக்கு ஓட்டு இருக்கு. போறதுக்கு வழிதான் இல்ல."

மத்தியானத்துக்கு மேல் பெரம்பலூரிலிருந்து அவரைவிடப் பெரிய அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்தார். கூட்டம் பள்ளிக்கு முதுகைக் காட்டி அவரைச் சுற்றி நின்றது. கொல்லைக்காரரையும் வரவழைத்து நாற்காலி போட்டு உட்கார வைத்தார். தெருவின் சார்பில் தோழியின் அண்ணன் மைக்கில் பேசினார். அவருக்கு மைக்கில் பேசிப் பழக்கமில்லை. வாயை ஒட்டி வைத்துக்கொண்டு பேசினார். அதற்குள் பேட்டரி இறங்க ஆரம்பித்தது. குரல் மெலிந்து, கொசு மாதிரி ஆகிவிட்டது.

"வூட்டுல இன்னொரு பேட்டரி சார்ஜுல கெடக்கு. எடுத்துட்டு வரேன்" என்று அப்பா எழுந்தார். கூட்டத்தின் ஓரத்தில் நின்ற அம்மாவை ஒரு பார்வை பார்த்தார். அம்மா உடனே கிளம்பவில்லை. முந்தானையைச் சரிசெய்தாள். பிறகு வேறு வழியாக, வீடுகளின் பின்பக்கமாகப் போனாள்.

நான் தோழியுடன் டேங்க் படியில் இருந்தேன். பேட்டரிக்காகப் போகிறார்கள் என்றுதான் நானும் நினைத்தேன். டீயில் ஆடை படிந்த காலை நினைவுக்கு வரவில்லை. பத்து வயதில் நாம் கேட்டதெல்லாம் நமக்குப் புரிந்தது என்று அர்த்தமில்லை.

அப்பா போன பிறகு நடந்ததை நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள், அவரும் அம்மாவும்தான் பார்க்கவில்லை. அதிகாரி மைக் இல்லாமலே, கொல்லைக்காரர் பக்கம் குனிந்து பேசினார். கொல்லைக்காரர் குடையைத் தரையில் ஊன்றிக்கொண்டு தன் கொல்லையைப் பார்த்தார்.

பிறகு, "ஒரு மாட்டு வண்டி போற அகலம் தரேன். அதுக்கு மேல கேக்காதீங்க" என்றார்.

கூட்டத்தில் இருந்தவர்கள் அது உண்மைதானா என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதிகாரி, நாளைக் காலையிலேயே சர்வேயரை வைத்து அளந்து கல் நட்டுவிடலாம் என்றார்.

"நீங்க அவரை இங்கயே சொல்ல வச்சது போதும் சார். இப்பவே வரிசையில வந்து நிக்கிறோம்" என்றார் அண்ணன். சில பெண்கள் தலையைக் கோதி முடிந்துகொண்டார்கள், ஓட்டுப் போடப் போவதற்கு.

அப்போதுதான் அதிகாரியின் போன் அடித்தது. காதில் வைத்தார். "ரெண்டா? எப்ப?" என்றார். "சரி, சரி." போனைச் சட்டைப் பையில் போட்டார். அந்தச் சின்ன நேரத்தில் அவர் முகம் மாறியதை என்னால் இன்னும் சொல்ல முடியும். கவலை போய்விட்டது. அவ்வளவுதான், வேறு ஒன்றுமில்லை.

"போலிங் நடந்துக்கிட்டுதாம்ப்பா இருக்கு. உங்கள்லயே ஆளுங்க போட ஆரம்பிச்சிட்டாங்க. மத்ததைத் தேர்தல் முடியட்டும், உட்கார்ந்து பேசலாம்" என்றார். ஜீப்பில் ஏறினார். கொல்லைக்காரரும் எழுந்தார். "யோசிச்சுச் சொல்றேன்" என்று யாருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டு, குடையை விரித்துக்கொண்டு நடந்தார்.

நான் இன்று வேலை பார்க்கிற அறையில் ஒரு குழாயில் ஓட்டம் பூஜ்யம் என்றால் அலாரம் அடிக்கும். எல்லோரும் எழுந்து ஓடுவோம். பூஜ்யத்துக்கு மேல் கொஞ்சம் வந்தால் போதும், அலாரம் நின்றுவிடும். மறுபடி உட்கார்ந்துவிடுவோம். அந்த மத்தியானம் நம் தெருவிடம் இருந்தது ஒரு பூஜ்யம். டெல்லிவரை ஆள்கிறவர்களுக்கு நம்மிடம் பயப்பட வேறு எதுவும் இருக்கவில்லை.

யார் போட்டது, யார் போட்டது என்று கூட்டம் தன்னையே எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தபோது அப்பா தோளில் பேட்டரியோடு வந்தார். வேர்வையில் சட்டை ஒட்டியிருந்தது. ஜீப் இல்லாததைப் பார்த்து, "போயிட்டாங்களா?" என்றார். அவருக்கு அதில் சந்தேகம் எதுவும் வரவில்லை. குந்தி உட்கார்ந்து பழைய பேட்டரியின் ஒயர்களைக் கழற்றிப் புதியதில் மாட்டினார். சிவப்பு ஒயர், கறுப்பு ஒயர். அந்த வேலையைச் செய்யும்போது எல்லோருடைய கண்ணும் அவர் கையில் இருந்தது. எப்போதும் அப்படித்தான், அவர் மைக் கட்டும்போது நாமெல்லாம் கையையே பார்ப்போம்.

இடது ஆள்காட்டி விரலில் கிரீஸ் தடவியிருந்தார். வேர்வையில் கிரீஸ் வழிந்து, நகத்தின் மேல் கோடு தெரிந்தது.

ஸ்பீக்கருக்குக் கிர்ரென்று உயிர் வந்தது. மைக் இன்னும் அண்ணன் கையில்தான் இருந்தது.

"மாமா, கையைக் காட்டுங்க" என்றார் அவர்.

அவர் மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் பேட்டரி புதிது. தெரு முழுக்கக் கேட்டது. பள்ளிக்கூடத்திலும் கேட்டிருக்கும். கொல்லைக்காரருக்கும் கேட்டிருக்கும்.

அப்பா கையை மறைக்கவில்லை. "பாதைக்காகத்தாண்டா போட்டேன்" என்றார். மைக் அதையும் வாங்கிக்கொண்டது.

"பாதை இப்பத்தான் வந்துட்டுப் போச்சு, மாமா."

யாரும் அப்பாவை அடிக்கவில்லை. திட்டக்கூட இல்லை. ஒப்பாரிப் பெரியம்மா மட்டும் கீழே உட்கார்ந்துவிட்டது. அப்பா குந்திய இடத்திலேயே இருந்தார். என்ன நடந்தது என்று யாரோ ஒருவர் அவருக்குச் சொன்னார்: மாட்டு வண்டி அகலம், நாளைக் காலை சர்வேயர், போன். அவர் கேட்டுக்கொண்டே ஒயரை மறுபடி கழற்றினார்.

அன்று சாயங்காலம்வரை வேறு யாரும் ஓட்டுப் போடவில்லை. ஆனால் அதைப் பார்க்க எந்த அதிகாரியும் அங்கே இல்லை.

நான் வீட்டுக்குப் போனபோது தோழி எனக்கு முன்னால் அங்கே நின்றாள். எங்கள் வீட்டு முக்காலியை அவளே இழுத்துப் போட்டு ஏறி, நிலைக்கு மேலிருந்த கொடியை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். முடிச்சு இறுகியிருந்தது. பல்லால் கடித்து இழுத்தாள். அம்மா உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே வரவில்லை. அவள் விரலிலும் மை.

"இது எங்கம்மாது" என்றாள் தோழி. துணியை நான்காக மடித்து மார்போடு வைத்துக்கொண்டு போனாள். முக்காலியை எடுத்த இடத்தில் வைத்துவிட்டுத்தான் போனாள்.

மறுநாள் அம்மா பத்து விரலுக்கும் மருதாணி வைத்துக்கொண்டாள். எல்லா விரலும் சிவந்தது. அந்த ஒரு நகம் மட்டும் கறுஞ்சிவப்பாக, முன்பைவிட நன்றாகத் தெரிந்தது.

ஆளுங்கட்சி பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தது. எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஊர்த் தெருவில் வெடி வெடித்தார்கள். நன்றி சொல்ல வேட்பாளரின் திறந்த வேன் வந்தபோது அப்பா கரை வேட்டியோடு மெயின் ரோட்டில் துண்டை ஏந்திக்கொண்டு நின்றார். வேனில் இருந்த யாரோ குனிந்து துண்டை வாங்கிக்கொண்டார்கள். வேன் நிற்கவில்லை.

சில வாரம் கழித்து ஒன்றியச் செயலாளரைப் பார்க்கப் போனார். என்னையும் சைக்கிளில் உட்கார வைத்துக்கொண்டு போனார். ஏன் என்று தெரியவில்லை. குழந்தை இருந்தால் மரியாதையாகப் பேசுவார்கள் என்று நினைத்திருக்கலாம்.

செயலாளர் பூத் வாரியாக வந்த முடிவைக் கையில் வைத்திருந்தார். "உங்க பூத்துல ரெண்டே ஓட்டு. ஒன்னு நமக்கு. இன்னொன்னு எங்கேப்பா?" என்றார்.

அப்பாவுக்குப் புரியவில்லை.

"இன்னொன்னு தையல் மிஷின் சின்னத்துக்கு விழுந்திருக்கு. யாரோ ஒரு சுயேச்சை. இந்த ஒன்றியத்துலயே அவனுக்கு விழுந்த ஓட்டை விரல் விட்டு எண்ணிடலாம், அதுல ஒன்னு உன் வூட்டு ஓட்டு. பொண்டாட்டி ஓட்டை வாங்கித் தர முடியல உன்னால, பாதை கேக்க வந்துட்டே."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அப்பாவும் கூடச் சேர்ந்து கொஞ்சம் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டார், சத்தம் போடாமல்.

"அந்தப் பொட்டியில தையல் மிஷின் படம் போட்டிருந்துச்சு. கொடி தைச்ச புள்ள ஞாபகம் வந்துச்சு. அமுக்கிட்டேன்" என்றாள் அம்மா. "நீங்க போடச் சொன்னீங்க, போட்டேன். எதுலன்னு நீங்க சொல்லலியே."

"சொல்லணுமாடி அதை?"

"சொல்லியிருந்தாலும் அதுலதான் போட்டிருப்பேன்."

அம்மாவின் ஓட்டை நினைத்து எனக்குப் பெருமைதான். ஆனால் அதுவும் வெட்கத்தைக் குறைக்கவில்லை. பூஜ்யத்தை உடைக்க எந்தச் சின்னமானால் என்ன? எந்தப் பொத்தானை அமுக்கினாலும் அந்த மத்தியானம் அந்த போன் அடித்திருக்கும். அம்மாவுக்கும் இது தெரியும். அவள் அதைப் பற்றிப் பேசுவதே இல்லை.

அதன்பிறகு நம் தெரு விசேஷங்களுக்கு செட்டிகுளத்திலிருந்து மைக் செட் வந்தது. அப்பாவின் குழாய் ஸ்பீக்கர் வீட்டுக்குப் பின்னால் கவிழ்ந்து கிடந்தது. ஒன்றில் கோழி முட்டை வைத்தது. இன்னொன்று எங்கே போனது என்று தெரியவில்லை. ஆம்ப்ளிஃபயரை நான் பிரித்துப் பிரித்துச் சேர்த்துப் படித்தேன். பாலிடெக்னிக்கில் சேர்ந்தபோது எனக்கு ஏற்கெனவே பாதி தெரிந்திருந்தது அதனால்தான். என் வேலையின் ஆரம்பமும் அந்தப் பெட்டிதான். இதை நினைத்தாலும் ஒரு மாதிரி இருக்கிறது.

நான் இப்போது அரியலூரில் ஓட்டுப் போடுகிறேன். ஒவ்வொரு முறையும் போடுகிறேன். ஆனால் நகம் வளர்ந்து மை வெளியே போகும்வரை தெருவுக்கு வருவதில்லை. வேலை அதிகம் என்று அம்மாவிடம் சொல்வேன். உங்களில் சிலர் இதைக் கவனித்திருக்கிறீர்கள். காரணம் இதுதான்.

தோழி கல்யாணமாகி அரும்பாவூரில் இருக்கிறாள். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் ஒருமுறை பார்த்தோம். குழந்தைகளைப் பற்றிப் பேசினோம். பஸ் கிளம்பும்போது ஜன்னல் வழியாக, "மாமா நல்லாருக்காரா?" என்று கேட்டாள். நல்லாருக்கார் என்றேன்.

போன மாசம் அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்தது. பெரம்பலூரில் சேர்த்தோம். இரண்டு நாளில் தேறிவிட்டார். அம்மா சாப்பாடு எடுத்துவரப் போயிருந்த நேரம் என்னிடம் சொன்னார்:

"எனக்கு ஏதாவது ஒன்னு ஆச்சுன்னா தெருவுக்குக் கொண்டு போவாத. இங்கயே டவுன்ல கேஸ்ல எரிக்கிற மேடை இருக்குல்ல, அங்கயே முடிச்சிடு."

"ஏம்ப்பா?"

"தூக்கறவங்க அந்த வரப்புல நடக்கணும்ல. எனக்காக யாரும் நடக்க வேணாம்."

மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். பிறகு, "வந்தாங்கன்னாத்தான் அதுவும்" என்றார்.

இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். வரப் போகிற தேர்தலில் மறுபடி கறுப்புக் கொடி கட்டலாம் என்று நம் தெரு வாட்ஸப் குழுவில் நீங்கள் பேசிக்கொள்வதைப் பார்த்தேன். வீடுகளின் வரிசையைப் போட்டிருந்தீர்கள். எங்கள் வீடு அதில் இல்லை. தவறில்லை. என்னையும் அந்த வரிசையைப் போடச் சொல்லியிருந்தால் அப்படித்தான் போட்டிருப்பேன்.

இன்றைய நிலவரம் இது. பாதை வரவில்லை. கொல்லைக்காரர் இறந்துவிட்டார். அவர் மகன்கள் வரப்பை ஒட்டி முள்கம்பி போட்டிருக்கிறார்கள். ஒன்றியச் செயலாளர் கட்சி மாறிவிட்டார், ஜெயிக்கிற பக்கம்தான். அம்மாவின் ஓட்டும் அப்பாவின் ஓட்டும் இன்னும் நம் பள்ளிக்கூடத்து பூத்தில்தான் இருக்கின்றன. வாசல் நிலைக்கு மேலே அப்பா அடித்த ஆணி துருப்பிடித்து அங்கேயே இருக்கிறது. அதில் எதுவும் கட்டவில்லை.